தரம் மூன்றில் தவறும் கணக்கு

கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் எமது சமூகத்தில் ஒரே வகையான கவலை எழுந்து சில வாரங்களில் அடங்கிப் போகின்றது. கணிதப் பாடத்தில் சித்தியடையாதோர் ஏன் இத்தனை பேர் என்று கேட்கின்றோம். பத்தாம், பதினோராம் தரங்களுக்கு மேலதிக வகுப்புகள் வைக்கின்றோம். கடந்தகால வினாத்தாள்களை அச்சிட்டு விநியோகிக்கின்றோம். ஆனால் அந்த மாணவர்களில் பெரும்பாலானோருக்குக் கணக்குத் தவறியது பதினோராம் தரத்தில் அன்று. இரண்டாம், மூன்றாம் தரங்களில் என்பதை நாம் போதிய அளவில் கவனத்திற் கொள்வதில்லை. அட்சரகணிதச் சமன்பாட்டின் முன் திகைத்து நிற்கும் மாணவனை உற்று நோக்கினால், அவனை உண்மையில் தடுத்து நிறுத்தியிருப்பது 52 இலிருந்து 27 ஐக் கழிக்கும் இடமாகவே பல வேளைகளில் இருக்கின்றது.

இவ்விடயத்தை ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது பொருத்தமாகும். கிளிநொச்சி நகருக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தொலைவில், ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கான ஏ-35 வீதி பிரியும் சந்தியில் அமைந்திருப்பது பரந்தன். கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த இரசாயனத் தொழிற்சாலையை வைத்தே முன்னைய தலைமுறை இந்தப் பெயரை அறிந்திருந்தது. யுத்தம் அதனை முடக்கிப் போட்டது. எஞ்சியவை வயல்களும் அவற்றை நம்பிய குடும்பங்களுமே.

கமக்காரக் குடும்பமொன்றில் கணக்கு நாள்தோறும் நடக்கின்றது. ஒரு ஏக்கர் பதினாறு பரப்பு, ஒரு பரப்பு பத்துப் பேர்ச் என்பது அங்கே பாடநூற் செய்தியன்று, காணிச் செய்தி. இரண்டரை ஏக்கருக்கு எத்தனை மூடை உரம், வெட்டுக்கூலி போக மிஞ்சுவது என்ன, வாய்க்காலில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும் என்பனவெல்லாம் மனக்கணக்காகவே தீர்க்கப்படுகின்றன. அத்தகைய வீட்டிலிருந்து வரும் பிள்ளை கொப்பியில் உள்ள கணக்கைக் கண்டு அஞ்சுவது ஏன்?

இதே கேள்வியைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் சிலர் எழுப்பினர். ரெசிஃபே நகரின் தெருக்களில் தேங்காயும் பழங்களும் விற்ற ஐந்து பிள்ளைகளை அவர்கள் அவதானித்து, 1985 ஆம் ஆண்டில் ஆய்வினை வெளியிட்டனர். விற்பனையின்போது வாய்வழியாகக் கேட்கப்பட்ட கணக்குகளில் ஏறத்தாழ 98 வீதமானவற்றுக்கு அப்பிள்ளைகள் சரியான விடை கூறினர். அவ்வகைக் கணக்குகளையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 37 வீதமே. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய்க்கு எவ்வளவு எனக் கேட்டபோது, ஒரு சிறுவன் முப்பத்தைந்தின் பின்னால் பூச்சியத்தைச் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய் 105, ஆறு 210, ஒன்பது 315, இன்னும் ஒன்று சேர்ந்தால் 350 என்று படிப்படியாக ஏறினான். அவனுக்குக் கூட்டலும் பெருக்கலும் நன்கு தெரியும். தாளில் உள்ள குறியீட்டுக்கும் தன் மனத்தில் நிகழும் கணக்குக்கும் இடையிலான உறவை மாத்திரம் யாரும் அவனுக்குக் காட்டித் தரவில்லை. பரந்தனின் பிள்ளைக்கும் தேவைப்படுவது அந்த இணைப்பே.

அந்த இணைப்பு எங்கெங்கே அறுகின்றது என்று பார்ப்போம். முதலாவது இடம் எண்ணுதல். ஒன்று முதல் இருபது வரை பாட்டுப்போல ஒப்புவிக்கும் நான்கு வயதுக் குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரச் சொன்னால் கைநிறைய அள்ளித் தரக்கூடும். சொற்களின் வரிசை தெரிவது வேறு; ஒரு பொருளுக்கு ஒரு சொல் வீதம் பொருத்தி, கடைசியாகச் சொன்ன சொல்லே முழுத்தொகை என உணர்வது வேறு. இந்த உணர்வு வராத பிள்ளையிடம் கூட்டலைத் தொடங்குவதில் பயனில்லை. இது பெரும்பாலும் முன்பள்ளியிலேயே சரியாகிவிடும். வீட்டில் எண்ணி வைக்கவும் பங்கு வைக்கவும் வாய்ப்புக் கிடைத்த பிள்ளைக்கு விரைவில் சரியாகும்.

இரண்டாவது இடமே பெரிது. 'முந்நூற்று ஐந்து' என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளை 3005 என்று எழுதுகின்றது. இது பரந்தனுக்கோ வன்னிக்கோ உரிய தவறன்று. உலகின் எல்லா வகுப்பறைகளிலும் காணப்படுவது. சிவப்பு மையினால் ஒரு பிழை அடையாளம் இடப்படுகின்றது. பிள்ளையோ தான் கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கின்றது: முந்நூறு என்றால் 300, அதன்பின் 5.

எமது முன்னோரும் ஏறத்தாழ அப்படித்தான் எழுதினர் என்பது பலர் அறியாத செய்தி. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன. முந்நூற்று ஐந்து ௩௱௫ என எழுதப்பட்டது: மூன்று, நூறு, ஐந்து. பேச்சும் எழுத்தும் ஒன்றாகவே சென்றன. பூச்சியத்துக்கு அங்கே வேலையிருக்கவில்லை. இன்றைய முறையில் நூறு என்ற குறி மறைந்துவிட்டது. இலக்கம் நிற்கும் இடமே அதன் பெறுமானத்தைச் சொல்கின்றது. ஒன்றுமில்லாத இடத்தைப் பூச்சியம் காத்து நிற்கின்றது. இந்திய மண்ணில் உருவான இம்முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தமது நூலொன்றில் விளக்கினார். அந்நூலின் இலத்தீன் வடிவங்கள் வழியாக ஐரோப்பா அதனைக் கற்றது. ஆகவே இந்த இலக்கங்களின் பயணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் மரபை இனங்காண இடமுண்டு. மனித குலம் பல நூற்றாண்டுகள் எடுத்துக் கடந்த இந்தப் படியை ஏழு வயதுப் பிள்ளை ஒரு தவணைக்குள் கடக்க வேண்டுமென எதிர்பார்க்கின்றோம் என்பதையாவது நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இடப்பெறுமானத்தைக் கற்பதில் தமிழ்மொழி பெரும்பாலும் துணை நிற்கின்றது. பதினொன்று என்பதில் பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. இருபத்து நான்கில் இரு பத்துகளும் நான்கும் தெளிவாகவே உள்ளன. ஆங்கிலப் பிள்ளை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பத்தோடு தொடர்பு தெரியாத தனிச் சொற்களை மனனம் செய்ய வேண்டியுள்ளது. எனினும் எமது மொழியிலும் ஓர் இடறல் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லில் நூறு ஒலிக்கின்றது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கின்றது. தொண்ணூற்று இரண்டை 102 என எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவானது என்று கடிந்துகொள்வது அநீதி. எண்பதின் அடுத்த பத்து எது என்று ஈர்க்குக் கட்டுகளை வைத்து எண்ணச் செய்தால் அது தானே திருத்திக் கொள்ளும்.

இடப்பெறுமானம் உறுதிப்படாத பிள்ளைக்குக் கழித்தல் வெறும் சடங்காகிவிடுகின்றது. 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் 35 என விடை வருவது மிகப் பொதுவான தவறு. இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதி, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று என்று முடித்துவிடுகின்றது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற ஒழுங்கொன்றைத் தனக்குத் தானே உருவாக்கி, அதனைப் பிசகின்றிக் கடைப்பிடித்திருக்கின்றது. இத்தகைய பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கழித்தற் கணக்குகளைக் கொடுத்தால் ஐம்பதும் பிழைக்கும். தவறான ஒழுங்கு மேலும் இறுகும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குக் கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் கையிற் கொடுத்து, அதிலிருந்து இருபத்தேழை எடுத்துத் தரும்படி கேட்டால் நிலைமை வேறாகும். ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு ஈர்க்குகளைத் தர முடியாது என்பதைக் கை கண்டுபிடிக்கின்றது. அவிழ்த்தபின் நான்கு கட்டுகளும் பன்னிரண்டு தனி ஈர்க்குகளும் இருக்கும், ஐம்பத்திரண்டு மாறவில்லை. 'கடன் வாங்குதல்' என்று நாம் வழங்கும் சொல் உண்மையில் இங்கு பொருந்துவதில்லை. யாரும் எவரிடமும் கடன் வாங்கவில்லை. பத்து ஒன்று பத்து ஒன்றுகளாக மாற்றப்பட்டது, அவ்வளவே.

பெருக்கலைப் பொறுத்தவரை, வாய்பாட்டை மனனம் செய்யத்தான் வேண்டும் என்பதே எமது கருத்து. மனனமே கூடாதென்று சொல்லும் புதுமைவாதிகளுடன் நாம் உடன்படவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாவில் நிற்காத மாணவன் பின்னங்களைச் சுருக்கவும் காரணிகளைக் காணவும் இடர்ப்படுவான். ஆயினும் ஒழுங்கு முக்கியம். தென்னம்பிள்ளைகளை வரிசைக்கு ஏழாக ஆறு வரிசை நட்டால் எத்தனை என்பதை முதலில் வரைந்து எண்ண வேண்டும். ஐந்து வரிசை முப்பத்தைந்து, இன்னொரு வரிசை சேர நாற்பத்திரண்டு என்று அறிந்த பிள்ளை வாய்பாட்டை மறந்தாலும் மீட்டெடுக்கும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நெல்லிலக்கமும் குழிமாத்தும் மனனமாகவே கற்பிக்கப்பட்டன என்பது உண்மை. அம்மாணவன் பள்ளிக்கு வெளியே நெல் அளப்பதையும் நிலம் அளப்பதையும் நாளும் கண்டு வளர்ந்தான் என்பதும் உண்மை. இன்று மனனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அளவையைக் கைவிட்டுவிட்டோம்.

வகுத்தலில் இரு வேறு கருத்துகள் ஒரே குறியினுள் ஒளிந்துள்ளன. 26 மூடை நெல்லை நால்வருக்குப் பங்கிடுவது ஒன்று. லான்ட்மாஸ்ரரில் ஒரு தடவைக்கு நான்கு மூடை வீதம் 26 மூடையையும் ஏற்றி முடிக்க எத்தனை தடவை போக வேண்டும் என்பது மற்றொன்று. கொப்பியில் இரண்டுக்கும் 'ஈவு 6, மீதி 2' என்றே வரும். ஆனால் முதலாவதில் மீதி இரண்டு மூடையையும் அவிழ்த்து ஆளுக்கு அரை மூடையாகப் பிரிக்கலாம். இரண்டாவதில் ஏழாவது தடவையும் போயே ஆக வேண்டும். மீதி என்ன ஆயிற்று என்று கேட்காமல் கற்பிக்கப்படும் வகுத்தல் பாதி வகுத்தலே.

இங்கிருந்துதான் பின்னம் பிறக்கின்றது. பின்னங்களை எம்மவர் அந்நியமாகக் கருதுவது வேடிக்கையானது. பழந்தமிழ் கீழ்வாய் இலக்கத்தில் இருபதில் ஒன்றுக்கு மா என்றும் நாற்பதில் ஒன்றுக்கு அரைமா என்றும் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்றும் பெயர்கள் வழங்கின. முந்நூற்று இருபதில் ஒன்றான முந்திரி வரை அது நுணுகிச் சென்றது. முஸ்லிம் குடும்பங்களில் ஸகாத் கணக்கிடப்படும் நாற்பதில் ஒன்று இந்த அரைமாவே. விளைச்சலுக்கான பங்கும் அவ்வாறே: மழைநீரால் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவிட்டு நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று, அதாவது ஒரு மா. வாரிசுரிமைப் பங்கீட்டுக்கு அல்குர்ஆன் வகுத்துள்ள அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்பவை முழுமையான பின்னப் பாடமாகும். அல்குவாரிஸ்மி தமது அட்சரகணித நூலில் பெரும்பகுதியை வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ஓர் இலட்சம் ரூபாவுக்கு ஸகாத் எவ்வளவு என்று கல்குலேட்டரைத் தேடும் பிள்ளையிடம், பத்தில் ஒன்று பத்தாயிரம், அதில் கால்பங்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்று ஒருமுறை காட்டினால் போதும். வீதமும் பின்னமும் வகுத்தலும் ஒரே இடத்தில் சந்திக்கும்.

கணிதம் ஏனைய பாடங்களைப் போன்றதன்று. வரலாற்றுப் பாடத்தில் ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்டவர் அடுத்த அத்தியாயத்தை விளங்கிக் கொள்ளலாம். எண்களில் ஒரு படி தவறினால் அடுத்த படி வெறும் மனனமாகும். அதற்கடுத்தது மனனத்துக்கும் அகப்படாது. தவறவிட்ட ஆண்டுகளின் விலை இங்கே மிக அதிகமாவது இதனாலேயே. பரந்தனின் பிள்ளைகள் 1990 களின் பிற்பகுதியில் பல ஆண்டுகளை இடப்பெயர்வில் இழந்தனர். 2008 இல் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009 ஜனவரி முதலாம் திகதி இராணுவம் பரந்தனைக் கைப்பற்றியபோது ஊர் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து போயிருந்தது. பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் தற்காலிகக் கொட்டகைகளில் வகுப்புகள் நடைபெற்றன. 2008 இல் முதலாம் தரத்திற் சேர்ந்த பிள்ளை 2018 இல் பதினோராம் தரத்துக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் கணிதப் புள்ளியைப் பார்த்துச் சோம்பேறி என்றவர்கள், ஒன்றும் இரண்டும் தரங்களை அது எங்கே கற்றது என்று கேட்டார்களா?

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் இதே இழப்பைச் சுமந்தனர். இடநெருக்கடி மிக்க பாடசாலைகளில் தொடங்கிய அவர்களது கல்வியின் கதை எமது பத்திரிகைகளில் போதியளவு எழுதப்படவில்லை என்பதையும் இங்கு கூறியாக வேண்டும். பின்னர் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் தொற்றும் 2022 இல் எரிபொருள் நெருக்கடியும் நாடு முழுவதிலும் பாடசாலைகளை மூடின. கைத்தொலைபேசித் திரையில் ஈர்க்குக் கட்டை அவிழ்க்க முடியாது. 2020 இல் முதலாம் தரத்திற் சேர்ந்த பிள்ளைகள் 2024 இல் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றி, அதன்பின் இடைநிலை வகுப்புகளுக்குச் சென்றுவிட்டனர். அவர்களுடைய இரண்டாம் தரத்துக் கணக்கு எவராலும் திரும்பிப் பார்க்கப்படவில்லையாயின் அது அவர்களுடனேயே மேலே செல்கின்றது.

இலங்கையின் கலைத்திட்டத்தில் குறை காண்பது எமது நோக்கமன்று. 1990 களின் இறுதியில் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்றையும் இணைத்துக் கற்பிக்கச் சொன்னது. ஒவ்வொரு நிலையிலும் எல்லாப் பிள்ளைகளும் அடைய வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளை வரையறுத்தது. தாளில் அது நல்ல திட்டமே. ஆனால் 2003 இல் நான்காம் தர மாணவரிடையே நடத்தப்பட்ட தேசிய மதிப்பீட்டில், கணிதத்தில் எதிர்பார்க்கப்பட்ட தேர்ச்சி மட்டத்தை எட்டியோர் நாற்பது வீதத்திற்கும் குறைவாகவே இருந்தனர். காரணங்களுள் ஒன்று எமது வீடுகளிலேயே உள்ளது. மூன்றாம் தரத்திலிருந்தே புலமைப்பரிசிலுக்கான தனியார் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றோம். அங்கே வினாத்தாள் செய்யும் உத்தி கற்பிக்கப்படுகின்றது. உத்தியைப் பிடித்துக்கொண்ட சிலர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகின்றனர்; ஏனையோர் தமக்குக் கணக்கு வராது என்ற தீர்மானத்தைப் பத்து வயதிலேயே கற்றுக்கொள்கின்றனர்.

இதன் விளைவு பரீட்சை மண்டபத்தோடு முடிவதில்லை. யுத்தத்தின் பின்னர் வன்னியில் நுண்கடன் எவ்வாறு பரவியது, எத்தனை பெண்களை அது அலைக்கழித்தது என்பது வாசகர்கள் அறிந்ததே. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபா கடன். ஆண்டுக்கு 24 வீத வட்டி முழுத்தொகைக்கும் கணக்கிடப்பட்டு, 62,000 ரூபா 52 வாரங்களில் அறவிடப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்பதற்குத் தாங்கக்கூடிய தொகைதான். ஆனால் கடனாளி வாரந்தோறும் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், ஆண்டு முழுவதற்கும் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் 25,000 ரூபா அளவே. அதற்கு 12,000 ரூபா வட்டியென்றால் உண்மை வட்டி 48 வீதத்தை நெருங்குகின்றது. இதனைக் கண்டுபிடிக்க உயர்கணிதம் தேவையில்லை. கூட்டல், வகுத்தல், அரைவாசி என்றால் என்ன என்ற அறிவு, அத்துடன் கேள்வி கேட்கும் துணிவு ஆகியவை போதும். வட்டியையே விலக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களும் தவணைக் கொள்வனவில் மேலதிகமாகச் செலுத்துவது எவ்வளவு என்பதை இவ்வாறே கணித்துப் பார்க்க வேண்டியவர்களாகின்றனர்.

என்ன செய்யலாம்? அயலில் இரண்டு அனுபவங்கள் உள்ளன. இந்தியாவில் பிரதம் அமைப்பு, தரத்தின்படி அல்லாமல் பிள்ளை உண்மையில் நிற்கும் மட்டத்தின்படி குழுக்களாக்கி, நாளொன்றுக்குச் சிறிது நேரம் அடிப்படை எண்ணறிவைக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. 2005 முதல் வெளிவரும் அசர் ஆய்வில் பிள்ளையிடம் கேட்கப்படுபவை மிக எளியவை: ஓரிலக்க எண்ணை வாசித்தல், ஈரிலக்க எண்ணை வாசித்தல், ஈரிலக்கக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். தமிழ்நாட்டில் கொவிட் கால இழப்பை ஈடுசெய்ய 2022 இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. இவற்றின் குறைநிறைகள் பற்றி விவாதம் உண்டு. எனினும் பிள்ளை எங்கே நிற்கின்றது என்பதை முதலில் அறிதல் என்ற ஒன்றை நாம் எவரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் தரத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே நான்கு கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கலாம். முந்நூற்று ஐந்தை இலக்கத்தில் எழுதுதல். 52 இலிருந்து 27 ஐக் கழித்தல். ஆறு வரிசைக்கு ஏழு வீதம் எத்தனை என வரைந்து காட்டுதல். 26 ஐ நான்கால் வகுத்து மீதிக்கு என்ன ஆயிற்று எனச் சொல்லுதல். விடை சரியா பிழையா என்பதோடு நின்றுவிடாமல் எப்படிச் செய்தாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் எனக் கொண்டால் முப்பது பேருக்கு ஐந்து மணித்தியாலம்; ஒரு வாரத்துக் கணித பாடவேளைகளோடு இன்னும் சிறிது நேரம். தவறியவர்களுக்கு முதல் தவணையில் பாடத்திட்டத்தை ஓரளவு பின்தள்ளி ஈர்க்குக் கட்டுக்குத் திரும்புவதற்கு அதிபர்களும் வலயக் கல்விப் பணிமனைகளும் இடமளிக்க வேண்டும். பாடத்திட்டம் முடியாது போகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் விளங்காத வகுப்பில் முடிக்கப்படும் பாடத்திட்டம் ஆசிரியரின் பதிவேட்டில் மட்டுமே முடிகின்றது.

பெற்றோருக்கு இதில் பெரும் செலவில்லை. 3005 என்று எழுதிய பிள்ளையின் முன் மூன்று நூறு ரூபாத் தாள்களையும் ஓர் ஐந்து ரூபாக் குற்றியையும் வையுங்கள். அருகே மூன்று ஆயிரம் ரூபாத் தாள்களையும் இன்னோர் ஐந்து ரூபாக் குற்றியையும் வையுங்கள். தான் எழுதியது எந்தப் பக்கத்துப் பணம் என்று பிள்ளையே சொல்லட்டும். பெரும்பாலான பிள்ளைகள் சில கணங்கள் பார்த்துவிட்டுத் தாமாகவே அழிறப்பரை எடுத்துக்கொள்வார்கள்.